பழைய காரின் அணி உறுப்புகள்

கோவையிலிருந்து சத்தியமங்கலம் வழியாக மைசூர் செல்லும் சாலை, பண்ணாரியைத் தாண்டியதும் 27 கொண்டை ஊசி வளைவுகளில் வளைந்து வளைந்து திம்பம் மலையில் ஏறுகிறது. அடிவாரத்தில் வெயிலும் புழுதியும். மேலே பனியும் மழையும். இந்தப் பாதையில் பல்லாண்டு ஓடிய ஒரு காரில் முதலில் பழுதாகும் உறுப்பு எது என்று கேட்டால், எஞ்சின் என்றோ பிரேக் என்றோ நீங்கள் விடை கூறுவீர்கள். அது சரியே. ஆனால், பழுதான பின் திரும்பப் பெறுவதற்கு மிகவும் அரிதான உறுப்பு எது என்று கேட்டால் விடை வேறு. அது காரின் பக்கவாட்டில் ஓடும் மெல்லிய பளபளப்பான பட்டையாக இருக்கலாம். விளக்கைச் சுற்றியுள்ள வளையமாக இருக்கலாம். கதவின் கைப்பிடியாகவோ, பானட்டின் மேல் பொருத்திய பெயர் எழுத்தாகவோ இருக்கலாம்.

காரை ஓட்டுவதற்கு இவை தேவையில்லை. கிரில் இல்லாமலும் கார் ஓடும். வீல் கப் இல்லாமலும் சக்கரம் சுழலும். ஆனால், இன்ன கார், இன்ன ஆண்டில் பிறந்தது என்று நமக்குச் சொல்பவை இவைதாம். இவற்றை அணி உறுப்புகள் என்று இக்கட்டுரையில் அழைப்போம். இவற்றைத் தேடுவதும் செய்வதும் பூட்டுவதும் வெறும் அழகுக் கலை அல்ல. உலோகவியலும் வேதியியலும் நம் நாட்டின் தொழில் வரலாறும் அதில் கலந்திருக்கின்றன. கொங்கு நாட்டின் பட்டறைகளுக்கு அந்த வரலாற்றில் ஓர் இடம் உண்டு.

எஞ்சினைவிட அரிது ஏன்?

எஞ்சினில் தேயும் உறுப்புகளுக்கு அளவுதான் முக்கியம். பிஸ்டனின் விட்டம் தெரிந்தால் அதற்கு இணையான வேறொன்றைத் தேடலாம். சிலிண்டரைப் போரிங் செய்து அடுத்த அளவுக்குக் கொண்டுபோகலாம். பேரிங்குகள் உலகெங்கும் ஒரே அளவுத் தொகுதியில் செய்யப்படுகின்றன. ஒரு நிறுவனம் மூடப்பட்டாலும் இன்னொரு நிறுவனத்தின் பேரிங் பொருந்தும்.

அணி உறுப்பின் கதை அப்படியன்று. அது ஒரே ஒரு மாடலுக்கு உரியது. சில வேளைகளில் அந்த மாடலின் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு மட்டுமே உரியது. நமக்கு நன்கு தெரிந்த அம்பாசிடர் காரையே எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரை அடிப்படையாகக் கொண்டு, மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் 1957இல் இதைச் செய்யத் தொடங்கியது. 2014இல் உற்பத்தி நின்றது. இடையிலிருந்த 57 ஆண்டுகளில் காரின் உடற்கூடு பெரிதாக மாறவில்லை. 1489 கன செ.மீ. பெட்ரோல் எஞ்சினும் நெடுங்காலம் தொடர்ந்தது. ஆனால் முகப்பு மாறியது. 1962இல் வந்த மார்க் 2 வண்டிக்குக் கட்டம் போட்ட கிரில், 1975இல் மார்க் 3, 1979இல் வந்த மார்க் 4 வண்டிக்குச் சிறிய கிரில்லும் சதுரமான பார்க்கிங் விளக்குகளும், 1990இல் நோவா.

சத்தியமங்கலத்தில் ஒரு வீட்டுத் தாழ்வாரத்தில் 1965ஆம் ஆண்டு அம்பாசிடர் ஒன்று நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அதன் எஞ்சினுக்கு 1975ஆம் ஆண்டு வண்டியிலிருந்து எடுத்த பல உறுப்புகள் பயன்படக்கூடும். ஆனால் 1979ஆம் ஆண்டு வண்டியின் முகப்பு உறுப்புகளை அதற்கு மாட்டினால், அது 1965ஆம் ஆண்டுக் கார் என்று யாரும் நம்பமாட்டார்கள். இதுதான் அணி உறுப்பின் அருமை. அது தேய்வதைவிடத் தொலைவதே அதிகம். பெயின்ட் அடிக்கக் கழற்றி வைத்த பட்டை திரும்ப ஏறுவதில்லை; வளைந்த பம்பர் பழைய இரும்புக்குப் போகிறது; கழன்று விழுந்த வீல் கப் சாலையோரப் புதரில் கிடக்கிறது. அதை அழுத்திச் செய்த அச்சோ, தொழிற்சாலையில் எப்போதோ உருக்கப்பட்டுவிட்டது.

பித்தளையிலிருந்து பிளாஸ்டிக் வரை

தொலைந்த உறுப்பைத் தேடுமுன் அது எந்த உலோகத்தால் ஆனது என்பதை அறிய வேண்டும். அதற்குக் காரின் வரலாற்றைச் சற்றுப் பார்ப்போம்.

தொடக்க காலக் கார்களில் விளக்கு, ஹாரன், ரேடியேட்டரின் மேலுறை ஆகியவை பித்தளையில் செய்யப்பட்டன. குதிரை வண்டியின் விளக்குகளைச் செய்த கைகளே காரின் விளக்குகளையும் செய்தன. 1908இல் பிறந்த ஃபோர்டு மாடல் டி காரில் 1916 வரை பித்தளை ரேடியேட்டர் பளபளத்தது. 1917ஆம் ஆண்டு மாடலில் கறுப்பு வண்ணம் பூசிய தகட்டுறை அந்த இடத்துக்கு வந்தது. பித்தளையை நாள்தோறும் புளியிட்டுத் துலக்க வேண்டும் என்பது நம் வீட்டுக் குத்துவிளக்கை அறிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்து வந்தது நிக்கல் முலாம். பித்தளையின் மேலோ எஃகின் மேலோ மின்சாரத்தால் நிக்கலைப் படியச் செய்தார்கள். நிக்கல் சற்று மஞ்சள் சாயல் கொண்ட வெண்மை உடையது; காலப்போக்கில் மங்கும். 1920களின் நடுப்பகுதியில், அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் காலின் ஃபிங்க் என்னும் வேதியியலாரும் அவருடைய உடன் பணியாளர்களும் குரோமிய முலாமைத் தொழில் முறையில் பூசும் வழியை வகுத்தனர். ஓல்ட்ஸ்மொபில் கார்களில் அது முதலில் இடம் பெற்றது. 1929ஐ ஒட்டிப் பெரும்பாலான அமெரிக்கக் கார்கள் குரோமியத்துக்கு மாறிவிட்டன. குரோமியம் நீலச் சாயல் கொண்ட வெண்மை உடையது. அதன் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு படலம் ஒன்று தானாகவே உண்டாகி உலோகத்தைக் காப்பதால் அது மங்குவதில்லை.

இதிலிருந்து ஒரு பயனுள்ள உண்மை நமக்குக் கிடைக்கிறது. 1922ஆம் ஆண்டுக் கார் ஒன்றின் விளக்கு நீலச் சாயலுடன் பளிச்சென்று ஒளிர்ந்தால், அந்த முலாம் பின்னாளில் பூசப்பட்டது என்று துணிந்து கூறலாம். கல்வெட்டின் எழுத்து வடிவத்தைக் கொண்டு ஆராய்ச்சியாளர் காலத்தைக் கணிப்பதைப் போல, முலாமின் நிறத்தைக் கொண்டு காரின் உறுப்புக்கு நீங்கள் காலம் கணிக்கலாம்.

அதே காலத்தில் துருப்பிடிக்காத எஃகும் வந்தது. நம் வீடுகளில் எவர்சில்வர் என்கிறோமே, அதுதான். 1913இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி இதை உருவாக்கினார். 1930ஆம் ஆண்டு ஃபோர்டு மாடல் ஏ காரின் ரேடியேட்டர் உறை எவர்சில்வரால் ஆனது. நெடிய பட்டைகளுக்கு எவர்சில்வரும், நுணுக்கமான வளைவுள்ள கைப்பிடி, சின்னம் முதலியவற்றுக்குத் துத்தநாகக் கலவை வார்ப்பும் பிற்காலக் கார்களில் வழக்கமாயின. 1960களில் பிளாஸ்டிக்கின் மேலேயே முலாம் பூசும் முறை பரவியது. அதன்பின் கிரில்லை விரலால் தட்டிப் பார்த்துத்தான் அது உலோகமா அன்றா என்று சொல்ல வேண்டியதாயிற்று.

கப்பல் நின்றது, பட்டறை எழுந்தது

விடுதலைக்கு முன் நம் நாட்டில் ஓடிய கார்கள் முழுமையாகவோ, பகுதிகளாக வந்து இங்கே கோக்கப்பட்டோ கிடைத்தன. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1928இல் பம்பாயில் கார்களைக் கோக்கத் தொடங்கியது. ஃபோர்டு நிறுவனமும் பம்பாய், கல்கத்தா, சென்னை நகரங்களில் அப்பணியைச் செய்தது. உடைந்த கைப்பிடிக்கு மாற்று வேண்டுமானால் முகவரிடம் எழுதினால் போதும்; கப்பலில் வந்து சேரும்.

1949இல் முழுமையாகச் செய்த கார்களை இறக்குமதி செய்வதை அரசு தடுத்தது. 1953இல் சுங்கத்தீர்வை ஆணையத்தின் பரிந்துரைப்படி, உறுப்புகளை இந்நாட்டிலேயே செய்யத் திட்டமில்லாத நிறுவனங்கள் வெளியேற வேண்டும் என்று முடிவாயிற்று. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்சும் விலகின. பின்னர் நெடுங்காலம் இந்துஸ்தான், பிரீமியர், ஸ்டாண்டர்டு என்னும் மூன்று பெயர்களே இந்தியச் சாலைகளில் ஆட்சி செய்தன. ஸ்டாண்டர்டு நம் சென்னையில் பிறந்தது. அதன் ஹெரால்டு கார் 1961 முதல் 1971 வரை வெளிவந்தது.

இந்த முடிவால் நாட்டுத் தொழில் வளர்ந்தது. ஆனால் 1938ஆம் ஆண்டு செவர்லே கார் வைத்திருந்தவரின் நிலை என்ன? எஞ்சின் ஓய்ந்தால் வேறு எஞ்சின் ஏற்றினார். பெரிய அமெரிக்கக் கார்கள் பலவற்றில் டீசல் எஞ்சின் ஏறியது. கிரில் உடைந்தபோது பட்டறைக்காரர் கம்பியை வளைத்து ஒன்றைச் செய்து மாட்டினார். விளக்கு வளையம் போனால் லாரி விளக்கு வந்தது. கதவுக் கைப்பிடி போனால் அம்பாசிடர் கைப்பிடி வந்தது. கைக்குக் கிட்டியதைப் பூட்டி வண்டியை ஓடவிட்டார்கள். இன்று இந்தியாவில் கிடைக்கும் பழைய கார்களில் பல நாட்டு, பல காலத்து அணி உறுப்புகள் கலந்திருப்பதன் காரணம் இதுவே. இதைக் குறை என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். பஞ்சம் உறுப்புகளைத் தொலைத்தது. ஆனால் உறுப்பைச் செய்யும் கைகளை அதே பஞ்சம்தான் வளர்த்தது.

கொங்கு நாட்டில் அந்தக் கைகள் முன்பே பழகியிருந்தன. கலங்கல் சிற்றூரில் 1893இல் பிறந்த ஜி.டி. நாயுடு, ஆங்கிலேய அதிகாரி ஒருவரிடமிருந்து மோட்டார் சைக்கிள் ஒன்றை விலைக்கு வாங்கி, அதை அக்கக்காகக் கழற்றித் திரும்பப் பூட்டிப் பொறியியல் கற்றவர். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பஸ்ஸைத் தாமே ஓட்டித் தொழில் தொடங்கினார். அது வளர்ந்து யு.எம்.எஸ். என்னும் பெரிய நிறுவனமாயிற்று. கடல் கடந்து வரும் உறுப்புக்காகப் பஸ்ஸை நிறுத்தி வைத்தால் அன்றைய வருமானம் போகும். எனவே பழுது பார்ப்பதும் உறுப்பு செய்வதும் பஸ் தொழிலின் பகுதிகளாகவே வளர்ந்தன. 1932இல் நீலகிரியின் பைக்காரா மின்சாரம் வந்தது. அதனுடன் கோவையின் ஆலைகளும் வார்ப்பகங்களும் பெருகின. 1937இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் பீளமேட்டில் மின் மோட்டார் செய்தனர். 1952இல் இரண்டாயிரம் ரூபாய் விலையில் இருவர் அமரும் சிறு கார் ஒன்றையும் நாயுடு உருவாக்கினார். உற்பத்திக்கு அரசின் உரிமம் கிடைக்காததால் அது நின்றுபோயிற்று.

பம்பு செய்வதற்காக மர அச்சு செதுக்கியவரும், மாவு அரவை இயந்திரத்துக்கு வார்ப்பு ஊற்றியவரும், ஜவுளி இயந்திரத்தின் உருளைக்கு முலாம் பூசியவரும் ஒரே நகரத்தில் இருந்தனர். பழைய காருக்கு ஒரு கைப்பிடி செய்ய வேண்டிய மூன்று தொழில்களும் இவைதாம்.

எங்கே தேடுவது?

சத்தியமங்கலத்து அம்பாசிடருக்குத் திரும்புவோம். முதலில் செய்ய வேண்டியது கடைக்கு ஓடுவதன்று. காரின் அடிச்சட்ட எண்ணையும், எஞ்சின் அறையில் பொருத்திய தகட்டையும் பார்த்து ஆண்டையும் மார்க் எண்ணையும் உறுதி செய்யுங்கள். நிறுவனம் வெளியிட்ட உறுப்புப் பட்டியல் நூல் கிடைத்தால் அதில் ஒவ்வோர் உறுப்புக்கும் ஓர் எண் இருக்கும். நூல் கிடைக்காவிட்டால் குடும்பப் புகைப்படங்களைத் தேடுங்கள். கார் வாங்கிய நாளில் அதன்முன் நின்று எடுத்த ஒரு படம், கிரில்லின் வடிவத்தைப் பொய்யின்றிச் சொல்லும்.

காரையும் சோதியுங்கள். பட்டை இல்லாவிட்டாலும் அது இருந்த துளைகள் தகட்டில் இருக்கும். பெயின்ட்டுக்குள் புட்டி வைத்து அடைத்திருந்தாலும் உட்புறமிருந்து பார்த்தால் தெரியும். துளைகளின் இடைவெளியை அளந்து குறித்துக்கொண்டால், சந்தையில் காணும் பட்டை உங்கள் காருக்கு உரியதா என்பதை அங்கேயே தீர்மானிக்கலாம்.

இனிச் சந்தை. சென்னையில் புதுப்பேட்டை, தில்லியில் மாயாபுரி, கல்கத்தாவில் மல்லிக் பஜார், மும்பையில் சோர் பஜார் ஆகியவை பழைய வண்டி உறுப்புகளுக்குப் பேர் பெற்றவை. சிற்றூர்களின் பழைய இரும்புக் கடைகளிலும், பூட்டிக் கிடக்கும் ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளின் பரண்களிலும் பிரிக்காத காகித உறையுடன் உறுப்புகள் கிடைப்பதுண்டு. வாங்குமுன் மூன்று சோதனைகள் செய்யுங்கள். காந்தத்தை வையுங்கள்: ஒட்டினால் எஃகு, ஒட்டாவிட்டால் பித்தளையோ துத்தநாகமோ அலுமினியமோ எவர்சில்வரின் ஒரு வகையோ ஆகும். பின்புறத்தைப் பாருங்கள்: வார்ப்பு எண் இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். மேற்பரப்பைத் தடவுங்கள்: துத்தநாக வார்ப்பில் சிறு கொப்புளங்கள் இருந்தால் அரிப்பு உள்ளே இறங்கிவிட்டது என்று பொருள்.

வெளிநாடுகளிலும் வழி உண்டு. மோரிஸ் மைனர் காரின் கதை நமக்கு நல்ல எடுத்துக்காட்டு. அந்தக் கார் இங்கிலாந்தில் 1948 முதல் 1970களின் தொடக்கம் வரை உற்பத்தியானது. இலங்கையிலும் இறக்குமதிக் கட்டுப்பாட்டின் காரணமாக மக்கள் அவற்றைப் பல்லாண்டு பேணி ஓட்டினர். தகடுகளைக் கையால் தட்டிச் செய்யும் திறன் அங்கே வளர்ந்தது. இங்கிலாந்தின் பாத் நகரில் மோரிஸ் மைனர் பழுது பார்க்கும் நிலையம் நடத்திய சார்லஸ் வேர் இதைக் கண்டு, 1990களில் இலங்கையின் காலிப் பகுதிப் பட்டறை ஒன்றுடன் சேர்ந்து அந்தக் காரின் உடற்தகடுகளைச் செய்வித்தார். அவை அந்தக் கார் பிறந்த இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாயின! பற்றாக்குறையில் பழகிய கை, வளமுள்ள நாட்டுக்கும் தேவைப்பட்டதைப் பாருங்கள்.

கிடைக்காவிட்டால் செய்வது

எங்கும் கிடைக்காத உறுப்பைச் செய்தே ஆக வேண்டும். ஒரு பக்கக் கதவுக் கைப்பிடி இருக்கிறது. மறு பக்கத்தது இல்லை என்று கொள்வோம். இருக்கும் கைப்பிடியையே மணலில் அழுத்தி அச்செடுத்து, உருகிய பித்தளையை ஊற்றினால் என்ன? இங்கேதான் புதியவர்கள் ஏமாறுகிறார்கள். உருகிய உலோகம் இறுகிக் குளிரும்போது சுருங்குகிறது. பித்தளை நூற்றுக்கு ஏறத்தாழ ஒன்றரைப் பங்கு சுருங்கும். 20 செ.மீ. நீளமுள்ள கைப்பிடி 3 மி.மீ. குறைந்துவிடும். திருகு துளைகள் கதவின் துளைகளுடன் பொருந்தா. ஆகவேதான் வார்ப்பகத்தில் மர அச்சு செதுக்குபவர், சுருக்கத்துக்கு ஈடுகட்டப் பிரிவுகளைச் சற்று அகலமாக இட்ட தனி அளவுகோலை வைத்திருக்கிறார். அவர் செதுக்கும் அச்சு, மூல உறுப்பைவிடச் சற்றுப் பெரியது. இடது கைப்பிடியும் வலது கைப்பிடியும் கண்ணாடியில் தெரியும் உருவங்களைப் போல எதிரெதிரானவை என்பதையும் அவர் மறக்கக் கூடாது.

மூல உறுப்பு துத்தநாகமாக இருந்தாலும் மாற்று உறுப்பைப் பித்தளையில் வார்ப்பது நல்லது. துத்தநாகக் கலவையை மிகுந்த அழுத்தத்துடன் எஃகு அச்சினுள் செலுத்தினால்தான் மெல்லிய வடிவம் கிடைக்கும். அந்த அச்சின் செலவு ஒரு கைப்பிடிக்குக் கட்டுப்படியாகாது. பித்தளை மணலிலேயே நன்றாக வரும், அரம் போடலாம், முலாமை நன்றாக ஏற்கும்.

பட்டைகளைத் தகட்டிலிருந்து செய்யலாம். கட்டை மரத்தில் பட்டையின் குறுக்கு வடிவத்தைச் செதுக்கி, அதன்மேல் மென்மையான தகட்டை வைத்துச் சிறுகச் சிறுகத் தட்டி வளைப்பார்கள். நசுங்கிய பழைய எவர்சில்வர் பட்டையாக இருந்தால் எறிய வேண்டாம். உட்புறமிருந்து சிறு சுத்தியலால் மெல்லத் தட்டி நிமிர்த்தி, உப்புத்தாளை முரடிலிருந்து மென்மைக்குப் படிப்படியாக மாற்றித் தேய்த்து, இறுதியில் துணிச் சக்கரத்தில் பாலீஷ் செய்தால் பழைய ஒளி திரும்பும். அதற்கு முலாம் தேவையே இல்லை.

முலாம் என்பது மூன்று அடுக்கு

குரோமியம் பூசிய பம்பர் என்று நாம் சொன்னாலும், நம் கண்ணில் படும் ஒளியில் பெரும்பகுதி நிக்கலுடையதே. தரமான முலாமில் முதலில் செம்பு, அதன்மேல் நிக்கல், அதன்மேல் குரோமியம் என்று மூன்று அடுக்குகள் உண்டு. செம்பு சிறு பள்ளங்களை நிரப்பிப் பாலீஷுக்கு இடம் தருகிறது. 10 முதல் 30 மைக்ரான் வரை கனமுள்ள நிக்கல், நீரைத் தடுக்கிறது. குரோமிய அடுக்கின் கனமோ அரை மைக்ரானுக்குள்தான். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நிக்கலைக் குறைத்துவிட்டு மேலே குரோமியம் மட்டும் பூசித் தந்தால், கடையில் பளபளக்கும். ஒரு மழைக்காலம் கழிந்ததும் துருப்புள்ளிகள் தோன்றும். ஆகவே முலாம் போடக் கொடுக்கும்போது நிக்கல் எவ்வளவு கனம் என்று கேளுங்கள். பளபளப்பைக் கண்டு விலை பேசாதீர்கள்.

முலாமுக்குமுன் செய்யும் வேலையே பாதி வேலை. முலாம் பள்ளத்தை மறைக்காது. அதைப் பெரிதாக்கிக் காட்டும். துத்தநாக உறுப்பில் அரித்த ஒவ்வொரு குழியையும் சுரண்டிச் சுத்தம் செய்து நிரப்பிய பிறகே தொட்டியில் இறக்க வேண்டும்.

பூட்டும் முறை

உறுப்பு கிடைத்துவிட்டது, முலாமும் ஆயிற்று. அவசரப்பட்டு மாட்டாதீர்கள். பெயின்ட் அடிக்குமுன் ஒரு முறை எல்லா உறுப்புகளையும் வெறும் தகட்டில் பூட்டிப் பார்க்க வேண்டும். கதவும் பானட்டும் சமமாக அமைந்த பின்தான் பட்டைகள் ஒரே கோட்டில் நிற்கும். பெயின்ட் அடித்த பின் புதுத் துளை போட்டால் அந்த இடத்தில் துரு தொடங்கும்.

பட்டையின் பின்னால்தான் துரு ஒளிந்திருக்கும். மழை நீர் பட்டைக்கும் தகட்டுக்கும் இடையே தேங்கும். எவர்சில்வரும் சாதாரண எஃகும் ஈரத்தில் ஒன்றையொன்று தொட்டால், அது ஒரு சிறு மின்கலத்தைப் போல ஆகிவிடுகிறது. அதில் அரிக்கப்படுவது எஃகுத் தகடே. எனவே ஒவ்வொரு துளையின் விளிம்பிலும் பெயின்ட்டோ மெழுகோ தடவி, கிளிப்புக்கும் தகட்டுக்கும் இடையே ரப்பர் அல்லது பிளாஸ்டிக் வாஷர் வையுங்கள். பட்டையை நடுவிலிருந்து தொடங்கி இரு முனைகளை நோக்கிப் பொருத்துங்கள். திருகுகளை முதலில் தளர்வாக மாட்டி, எல்லாம் நேராக நின்ற பின் சிறிது சிறிதாக முடுக்குங்கள். துத்தநாக உறுப்பை அதிகமாக முடுக்கினால் காது உடைந்துவிடும்.

கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங்கையும் கவனியுங்கள். இயற்கை ரப்பர் மூலக்கூறின் இரட்டைப் பிணைப்புகளைக் காற்றிலுள்ள ஓசோன் தாக்குவதால் அது வெடிக்கிறது. மலைப்பாதையில் வண்டி குலுங்கும்போது வெடிப்பு வழியே நீர் உள்ளே இறங்கித் தரையை அரிக்கும். ரப்பரை மட்டும் பழையதாக வைத்திருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பதில் பயனில்லை. அதே குறுக்கு வடிவமுள்ள புதிய செயற்கை ரப்பர் பீடிங்கை மாட்டலாம்.

பளபளப்பின் விலை

இங்கே நாம் பேசியே தீர வேண்டிய ஒன்று உண்டு. குரோமிய முலாம் தொட்டியில் இருப்பது குரோமிக் அமிலம். அதிலுள்ள ஆறு இணைதிறன் குரோமியம் புற்றுநோயை உண்டாக்கவல்லது. தொட்டியில் செலுத்தும் மின்சாரத்தில் ஐந்தில் ஒரு பங்குகூட உலோகத்தைப் படியவைக்கப் பயன்படுவதில்லை. மீதி பெரும்பாலும் ஹைட்ரஜன் குமிழிகளாகிறது. அக்குமிழிகள் மேலே வந்து வெடிக்கும்போது அமிலத்தை நுண்ணிய பனிப்படலமாகக் காற்றில் எறிகின்றன. பாதுகாப்பின்றி அதைச் சுவாசிக்கும் தொழிலாளியின் மூக்கு நடுத்தண்டில் புண் ஏற்பட்டு ஓட்டை விழுவது மருத்துவர்கள் நன்கு அறிந்த நோய். தொட்டியைக் கழுவிய நீரைச் சுத்திகரிக்காமல் நிலத்தில் விட்டால் கிணற்று நீர் மஞ்சளாகும். கிணற்றை நம்பி வாழும் கொங்கு நாட்டில் இது சிறிய செய்தியன்று.

ஐரோப்பிய ஒன்றியம் 2017 செப்டம்பர் முதல் தனி அனுமதியின்றிக் குரோமியம் மூவாக்சைடைப் பயன்படுத்தத் தடை விதித்தது. தீங்கு மிகக் குறைந்த மூன்று இணைதிறன் குரோமிய முலாம் இப்போது பரவி வருகிறது. அதன் நிறம் சற்று மாறுபடும். காரின் சொந்தக்காரர் என்ற முறையில் நாம் செய்யக்கூடியது உண்டு. நன்றாக இருக்கும் முலாமைப் புதுப்பிக்க வேண்டாம். எவர்சில்வரில் முடியும் வேலைக்குக் குரோமியம் கேட்க வேண்டாம். காற்றிழுக்கும் அமைப்பும் கழிவு நீர்ச் சுத்திகரிப்பும் உள்ள பட்டறைக்கே, கூலி கூடினாலும், வேலை கொடுக்கலாம். நம் கார் பளபளக்க இன்னொருவர் மூச்சு கெடக் கூடாது.

எது அசல்?

2021 ஜூலையில் மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் பழம்பெருமை வண்டிகளுக்கெனத் தனிப் பதிவு விதிகளை வெளியிட்டது. 50 ஆண்டுகளுக்கு மேற்பட்டு, அடிச்சட்டம், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றமின்றி, தன் பழைய நிலையிலேயே பேணப்பட்ட வண்டிகளுக்கு அவ்விதிகள் பொருந்தும். அன்றாடப் பயன்பாட்டுக்கும் வாடகைத் தொழிலுக்கும் அவ்வண்டிகளை ஓட்டக் கூடாது. பழைய வண்டி என்பது வெறும் பழைய இரும்பன்று, காக்க வேண்டிய பொருள் என்பதைச் சட்டமும் ஏற்றுக்கொண்டுவிட்டது.

அப்படியானால் நாம் வார்த்துப் பூட்டிய கைப்பிடி அசலா, போலியா? உலகப் பழங்கார் மன்றங்களின் கூட்டமைப்பான ஃபிவா, டுரின் சாசனம் என்னும் நெறிமுறையில் இதற்கு வழி காட்டியிருக்கிறது. புதிதாக்குவதைவிடப் பேணுவதே மேல் என்பது அதன் சாரம். பழையது பழுதின்றி இருந்தால் அதை மாற்றாதீர்கள். மாற்ற நேர்ந்தால் மறைக்காதீர்கள். புது உறுப்பின் பின்புறத்தில், கண்ணுக்குப் படாத இடத்தில், செய்த ஆண்டைப் பொறித்து வையுங்கள். கழற்றிய பழைய உறுப்பை, உடைந்திருந்தாலும், பெயர் எழுதிப் பெட்டியில் போட்டு வையுங்கள். பின்னால் வருபவர் அதைக் கொண்டு உங்களைவிட நன்றாகச் செய்யக்கூடும். பஞ்ச காலத்தில் பட்டறைக்காரர் வளைத்து மாட்டிய கம்பிக் கிரில்லையும் அவ்வாறே காக்கலாம். அதுவும் அக்காரின் வாழ்வில் நடந்ததுதானே?

கோவை அவினாசி சாலையில் 2015இல் திறக்கப்பட்ட ஜீடி கார் அருங்காட்சியகத்துக்கு வாய்ப்புக் கிடைத்தால் சென்று வாருங்கள். ஜி.டி. நாயுடுவின் மகன் ஜி.டி. கோபால் திரட்டிய பல நாட்டு, பல காலத்துக் கார்கள் அங்கே வரிசையாக நிற்கின்றன. எஞ்சின் எத்தனை குதிரைத்திறன் என்று மட்டும் பாராமல், விளக்கு வளையம் பித்தளையா, நிக்கலா, குரோமியமா என்று பாருங்கள். பட்டை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, எதனால் பிடித்து நிற்கிறது என்று குனிந்து பாருங்கள்.

திரும்பி வரும்போது உங்கள் ஊர்ப் பட்டறையில் மர அச்சு செதுக்கும் முதியவர் ஒருவரிடமோ, தகடு தட்டும் டிங்கர் ஒருவரிடமோ சிறிது நேரம் நின்று அவர் வேலையைக் கவனியுங்கள். எவ்வளவு சுருக்கம் விடுகிறார், எந்த மரத்தைத் தேர்கிறார் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பழைய உறுப்பு ஒன்று தொலைந்தால், அதைச் செய்யத் தெரிந்தவர் இருக்கும்வரை இன்னொன்றைச் செய்துகொள்ளலாம். செய்யத் தெரிந்தவரின் அறிவு எழுதப்படாமல் போய்விட்டால், அதைத் தேடி எடுக்க எந்தச் சந்தையும் இல்லை.